வரைபடத்தில் நம் லயம் எங்கே?
அரசாங்க நிர்வாகத்தில் புவியியல் தகவல் முறைமை



இடத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. "பத்தாம் நம்பர் மலையில கொழுந்து" என்றால் எந்த மலை, எந்தக் குறுக்குப் பாதை, எங்கே வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து ஆபீஸ் சுவரிலும் ஒரு படம் தொங்கும். மலைகள் நம்பர் போட்டு, ரோட்டு, ஸ்டோர், பங்களா, லயங்கள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். எந்த மலையில் எப்போது கொழுந்து எடுப்பது, எங்கே கவ்வாத்து வெட்டுவது, எங்கே உரம் போடுவது என்பதெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது.

ஒரு தோட்டத்தை நடத்தவே படம் வேண்டும் என்றால் ஒரு நாட்டை நடத்த எவ்வளவு படங்கள் வேண்டும்! எங்கே பாடசாலை கட்டுவது, எங்கே ஆஸ்பத்திரி வைப்பது, எந்த ரோட்டைத் திருத்துவது, எந்த மலை சரியும், யாரை எழுப்பி வெளியே கொண்டுபோவது என்று எல்லாவற்றுக்கும் முதலில் "எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தரும் கருவிதான் புவியியல் தகவல் முறைமை. ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து ஜீ.ஐ.எஸ். என்பார்கள். "அது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று விட்டுவிடக் கூடாது. நம் உயிரும், நம் வீடும், நம் விலாசமும் இன்று இந்த முறைமையோடு சம்பந்தப்பட்டிருக்கின்றன.

இது என்ன?

எண்ணெய்த்தாள் என்று சொல்லும், ஊடுருவித் தெரிகிற தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஆறு, ஓடை மட்டும் வரைகிறோம். இன்னொரு தாளில் ரோட்டு மட்டும். மூன்றாவதில் லயங்களும் வீடுகளும். நாலாவதில் மலையின் சரிவு எவ்வளவு செங்குத்து என்பது. இந்த நாலு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், செங்குத்தான சரிவுக்கு அடியில் ஓடைக்கரையில் இருக்கிற லயம் எது என்று உடனே தெரியும். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத விஷயம் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

இதையே கம்பியூட்டர் செய்கிறது. நாலு தாள் அல்ல, நாற்பது தாளையும் அடுக்கும். அதோடு ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு பேரேடு வைத்திருக்கும். ஒரு லயத்தைக் குறிக்கும் புள்ளியைத் தொட்டால், அதில் எத்தனை வீடு, எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விபரம் வரும். "ஆஸ்பத்திரியில் இருந்து ஐந்து மைலுக்கு அப்பால் உள்ள லயங்கள் எவை?" என்று கேட்டால், அவற்றை மட்டும் பொறுக்கிக் காட்டும். சுவரில் தொங்கும் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சுவர்ப்படத்தை நாம் பார்க்கலாம். இந்தப் படத்திடம் நாம் கேள்வி கேட்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. யாராவது போட்டு வைத்ததைத்தான் கம்பியூட்டர் காட்டும். ஒரு லயத்தை யாரும் பதியவில்லை என்றால், அந்த முறைமையைப் பொறுத்தவரை அங்கே மனிதர்களே இல்லை.

எப்படி வந்தது?

கம்பியூட்டர் இல்லாத காலத்திலேயே இந்த யோசனை பிறந்துவிட்டது. 1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் சோஹோ என்ற பகுதியில் வாந்திபேதி பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. ஜோன் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களை வீதிப் படத்தில் சிறு கோடுகளாகக் குறித்தார். தண்ணீர் அடிக்கும் பம்புகளையும் குறித்தார். மரணங்கள் பிராட் ஸ்ட்ரீட் என்ற வீதியில் இருந்த ஒரு பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அவர் எடுத்துச் சொன்னதால் அந்தப் பம்பின் கைபிடியை அதிகாரிகள் கழற்றினார்கள். நோய் தண்ணீரால் வருகிறது என்பதற்கு அந்தப் படம் பெரிய சாட்சியானது.

நம் லயங்களிலும் இதே வேலையை இன்றும் செய்யலாம். வயிற்றோட்டம் வந்த வீடுகளையும், அந்த வீடுகள் தண்ணீர் எடுக்கும் பீலிகளையும் ஒரு தாளில் குறித்தால், எந்தப் பீலியை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கம்பியூட்டரில் இதைச் செய்யத் தொடங்கியது கனடா தேசம். 1960களில் அந்நாட்டு அரசாங்கம், எந்த நிலம் விவசாயத்துக்கு நல்லது, எது காட்டுக்கு நல்லது என்று மிகப் பெரிய நிலப்பரப்பைக் கணக்கெடுக்க நினைத்தது. படங்களைக் கையால் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் ஏராளமான ஆட்கள் வருடக்கணக்காக உட்கார வேண்டும். ரொஜர் டொம்லின்சன் என்பவர் படங்களைக் கம்பியூட்டருக்குள் கொண்டுவரும் வழியை அமைத்தார். 2014இல் காலமான அவரைத்தான் இந்தத் துறையின் தந்தை என்கிறார்கள். இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். புவியியல் தகவல் முறைமை பிறந்ததே அரசாங்க நிர்வாகத்துக்காகத்தான்.

நம் நாட்டில்

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் அதுவும் ஒன்று. காடும் மேடும் அளந்து படம் வரைந்த அந்தத் திணைக்களம் இன்று படங்களைக் கம்பியூட்டர் வடிவில் தயாரித்துக் கொடுக்கிறது. மற்றத் திணைக்களங்கள் அதன்மேல் தங்கள் தங்கள் விபரங்களை அடுக்குகின்றன.

நம் நாட்டில் 9 மாகாணம், 25 மாவட்டம் உண்டு. அவற்றுக்குக் கீழே பிரதேச செயலகப் பிரிவுகள். அதற்கும் கீழே 14,000 இற்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். நிவாரணமாக இருந்தாலும், வாக்காளர் இடாப்பாக இருந்தாலும், குடிசன மதிப்பீடாக இருந்தாலும், நாம் எந்தப் பிரிவுக்குள் வருகிறோம் என்பதை வைத்துத்தான் வேலை நடக்கிறது. எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

இதற்கு ஓர் உதாரணம். 2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்போது நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. தோட்டங்கள் நிறைந்த அம்பகமுவ பிரிவில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர். நுவரெலியா பிரிவிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர். அதே மாவட்டத்தில் ஹங்குரங்கெத்த பிரிவில் 1 லட்சத்துக்கும் குறைவு. அங்கேயும் ஒரு செயலகம், இங்கேயும் ஒரு செயலகம். பிறப்புச் சான்றுப் பத்திரத்துக்கும் மற்றக் கடுதாசிகளுக்கும் ஏன் இவ்வளவு நெருக்கடி, ஏன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறோம் என்பதற்குக் காரணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆட்தொகையையும் எல்லைகளையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால், செயலகம் எங்கே குறைவு என்பதை யாரும் மறுக்க முடியாது. கூடுதல் செயலகங்கள் வேண்டும் என்று பல வருடங்கள் கேட்ட பிறகே இம்மாவட்டத்தில் புதிய பிரிவுகள் உருவாக்கப்பட்டன.

படத்தில் எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தோட்டங்கள் எப்போதும் பிரதேச சபைகளின் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் ரோட்டுப் போடவோ மற்ற வசதிகள் செய்யவோ சபைக்குத் தடைகள் இருந்தன. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. படம் வழி காட்டும். அதிகாரம் சட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

மலை சரியும் இடத்தைச் சொல்லும் படம்

நமக்கு மிகவும் முக்கியமான படம் மண்சரிவு அபாயப் படம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கியது. பின்னர் மற்ற மலை மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது.

அவர்கள் ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. மொத்தம் 100.

மலையின் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதற்கு 25 வரை. அடியில் உள்ள பாறையும் அதன் அமைப்பும் எப்படி என்பதற்கு 20 வரை. தண்ணீர் எப்படி ஓடுகிறது, எப்படி வடிகிறது என்பதற்கு 20 வரை. நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு 15 வரை. பாறைக்கு மேலுள்ள மண்ணின் வகையும் கனமும் எவ்வளவு என்பதற்கு 10 வரை. நிலத்தின் உருவம் எப்படி என்பதற்கு 10 வரை.

முன்னே சொன்ன எண்ணெய்த்தாள் கதைதான் இதுவும். ஆறு தாளை அடுக்கிப் புள்ளிகளைக் கூட்டினால், அதிக புள்ளி வாங்கிய இடம் அபாயம் கூடிய இடம்.

இந்த ஆறில் பாறையையும் மலைச் சரிவையும் நாம் மாற்ற முடியாது. தண்ணீர் வடிவதும், நிலத்தைப் பயன்படுத்தும் விதமும் மனிதர் கையில் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் சேர்த்து 35 புள்ளி. கான் அடைபட்டுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினாலும், லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை நிமிர்த்தி வெட்டினாலும் அபாயம் கூடுகிறது. "கான் வெட்டுறது தோட்டத்து வேலை, நமக்கென்ன" என்று இருந்துவிட்டால் பாதிப்பு வருவது நம் காம்பராவுக்குத்தான்.

படத்தோடு மழைக் கணக்கையும் சேர்த்துத்தான் எச்சரிக்கை விடுகிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் மழை பெய்தால் கவனமாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர், நாலு அங்குலம் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர், ஆறு அங்குலம் பெய்தாலோ, அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். வானொலியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்று சொல்வது இதைத்தான்.

தோட்டத்து ஆபீசில் மழைமானி இருந்தால் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இல்லாவிட்டால், அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு டின்னை மரமோ கூரையோ இல்லாத வெளியில் வையுங்கள். சேர்ந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால், ஏறக்குறைய அதுதான் பெய்த மழை.

மீரியபெத்தை சொல்லும் பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருக்கு இறுதிக் கிரியை செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

ஆகவே தகவல் இருந்தது. அந்தத் தகவல் செயலாக மாறவில்லை. "இங்கே இருக்காதீர்கள்" என்று சொல்வது ஒரு பாதி. "இதோ, இங்கே வந்து இருங்கள்" என்று பாதுகாப்பான நிலத்தையும் கூரையையும் காட்டுவது மறு பாதி. போக இடமில்லாத குடும்பம் எச்சரிக்கையைக் கேட்டும் அதே காம்பராவில்தான் படுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பல உயிர்கள் போனதையும் பார்த்தோம். அபாயப் படத்தை அலுமாரியில் வைத்திருந்தால் யாரையும் காப்பாற்றாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாற்றுக் காணி கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும்.

படத்துக்குத் தெரியாதது

படம் எல்லாம் அறிந்தது என்றும் நினைக்கக் கூடாது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 500 மீற்றர். 50 மீற்றர் நீளமான ஒரு லயம் அதில் 1 மில்லிமீற்றர்தான், பென்சில் முனை அளவு! பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற பெரிய அளவுப் படத்தில்கூட அது 5 மில்லிமீற்றர். அந்தச் சின்னக் கோட்டுக்குள் எத்தனை குடும்பம், இஸ்தோப்பை அடைத்து இன்னொரு குடும்பம் இருக்கிறதா, நடக்க முடியாத பாட்டி எந்தக் காம்பராவில் என்பதெல்லாம் மேலே இருந்து எடுத்த படத்தில் தெரியாது. போன வருடம் புதிதாக ஊற்றெடுத்த இடமும், லயத்துக்கு மேலே மண்ணில் விழுந்த வெடிப்பும் தெரியாது. நமக்குத் தெரியும்.

விலாச விஷயமும் அப்படித்தான். கிராமத்தில் ஒரு வீட்டுக்கு இலக்கமும் வீதியும் உண்டு. நம்மில் பலருக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் விலாசம். கடிதம் ஆபீசுக்கு வந்து அங்கிருந்து லயத்துக்கு வர வேண்டும். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கழிந்து கைக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் நிலைமை என்ன? வீட்டுக்கு இலக்கம், பாதைக்குப் பெயர், படத்தில் ஒரு புள்ளி, இவை சலுகை அல்ல. இந்த நாட்டில் இன்ன இடத்தில் வாழ்கிறவர் என்பதற்கான அத்தாட்சி. காணி உறுதிக்கும் இதே கதைதான். அளந்து, எல்லை குறித்து, நில அளவைப் படத்தில் ஏறிய துண்டுக்குத்தான் சரியான உறுதி எழுத முடியும். புது வீடு கிடைத்தவர்கள் "எத்தனை பேர்ச்சஸ்?" என்று கேட்பதோடு நிற்காமல், "அளந்த பிளான் எங்கே? துண்டு இலக்கம் என்ன?" என்றும் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. உங்கள் லயம் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்தப் பிரதேச செயலகம் என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிவின் இலக்கத்தை எழுதி வையுங்கள்.

2. மண்சரிவு அபாயப் படத்தில் உங்கள் லயம் எந்த வகைக்குள் வருகிறது என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத்தினர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் நல்லது. ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

3. டிவிசனுக்கு ஒரு கைப்படம் வரையுங்கள். லயங்கள், குடும்ப எண்ணிக்கை, பீலிகள், ஊற்றுகள், கான்கள், பழைய சரிவுகள், பாதுகாப்பான இடத்துக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். முதியவர், ஊனமுற்றவர், கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தனி அடையாளம் போடுங்கள். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். பிரதிகளைக் கிராம உத்தியோகத்தருக்கும், தோட்ட ஆபீசுக்கும், பிள்ளை மடுவத்துக்கும் கொடுங்கள்.

4. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் எல்லோருடைய பெயரையும் சொல்லுங்கள். "கொழும்புல வேலை செய்ற பையனைச் சொல்லவா வேணாமா?" என்று குழம்பாமல், விபரத்தை உள்ளபடி சொல்லுங்கள். எப்படிப் பதிவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

5. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சரிதல், திடீரென ஊற்றுக் கிளம்புதல், ஓடிய ஊற்று வற்றுதல், தெளிந்த தண்ணீர் சேறாக வருதல், கதவு ஜன்னல் இறுகிப்போதல் ஆகியவற்றைக் கண்டால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். உடனே விலகி, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

நாம் நலன்புரி வேலையாக லயம் லயமாகப் போகும்போது, "இதெல்லாம் எழுதிக் குடுத்தா என்ன நடக்கப்போகுது?" என்று சிலர் கேட்பதுண்டு. எழுதிக் கொடுத்த உடனே எல்லாம் நடந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இலக்கமும் படமும் திகதியும் போட்டு எழுத்தில் கேட்ட ஒரு கோரிக்கையை, "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அலுவலகமும் தட்டிவிட முடியாது.

கைப்படம் வரையும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். மழைக்காலம் வருமுன் முடித்துவிடுங்கள். தாளும் பென்சிலும் போதும். எப்படி வரைவது என்று சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள், கூட இருந்து உதவி செய்வார்.